ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: கௌசிகைப் பள்ளம் பற்றிய மேடைப் பேச்சு

(கோயம்புத்தூரை அடுத்த கோவில்பாளையம் வட்டாரத்தில் நடந்த விவசாயிகள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் ஒன்றியத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, தன் பள்ளியின் பசுமைப் படை மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, திருக்கோயில் அறங்காவலர்களே, ஒலிபெருக்கியும் பந்தலும் கொடுத்து உதவிய நூற்பாலை நண்பரே, பாத்திரத்தோடு வந்து டீயும் வடையும் வழங்கிக்கொண்டிருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அழைப்பிதழில் உள்ள எல்லோரையும் நான் வணங்கத் தொடங்கினால் கௌசிகையைப் பற்றி, நம் பக்கத்தில் பள்ளம் என்று சொல்கிறோமே அந்தச் சிற்றாற்றைப் பற்றி, நாளைதான் பேச முடியும்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் ஐயாவுக்குப் பொன்னாடை. பொறியாளர் ஐயாவுக்குப் பொன்னாடை. மேடையில் இருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. அன்புக்கு நன்றி. ஆனாலும் விழாக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தில் அளவுக்கல் வாங்குங்கள். கருங்கல், ஒன்றரை முழம் உயரம், தலையில் ஒரு சிலுவைக் கோடு. அதைக் கழுத்தில் போட முடியாது, ஆனால் பள்ளத்தின் கரையில் நடலாம். ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

கௌசிகையைப் பற்றி ஐந்து செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, அது எங்கே பிறந்து எங்கே போகிறது. இரண்டு, அதன் மண்ணும் மழையும். மூன்று, கரையில் வாழும் மரமும் பறவையும். நான்கு, கரையோரக் கோயில்களும் ஊர்களும். ஐந்து, நாம் செய்ய வேண்டியது. நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பழமொழி ஒன்று உண்டு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இந்த ஐந்து செய்திகளுக்கும் அந்த ஒரு பழமொழிதான் நூல்.

முதல் செய்தி. மேற்கே நிமிர்ந்து பாருங்கள். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே நிற்கிறதே குருடிமலை, அதன் கிழக்குச் சரிவில் விழுகிற மழைதான் கௌசிகை. அதே மலைக்கு அந்தப் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே விழுகிற மழைக்கு வேறு வழி, வேறு கதை. செங்கல் சூளைக்காகச் செம்மண்ணை வெட்டி வெட்டி அந்தப் பக்கத்து ஓடைகளின் நிலை என்ன ஆயிற்று என்பதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு. மலை ஒன்றுதான். மழைத்துளி முகட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் இருக்கிறது அதன் தலையெழுத்து.

இந்த மலைத்தொடருக்கு வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் லாம்டன் சிகரத் தொடர் என்று ஒரு பெயர் உண்டு. யார் இந்த லாம்டன்? மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வில்லியம் லாம்டன், 1802-ல் சென்னை பரங்கிமலையில் சங்கிலியைத் தரையில் நீட்டி இந்தியாவை அளக்கத் தொடங்கிய ராணுவ அதிகாரி. அரை டன் எடையுள்ள ஒரு கோணமானியை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். உயரமான இடம் வேண்டும் அல்லவா, தஞ்சைக்குப் போனபோது பெரிய கோயில் விமானத்தின் மேலேயே ஏற்றப் பார்த்தார்கள். 1808-ல் நடந்தது இது. கயிறு நழுவி, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்துபோயிற்று. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். அவர் உட்கார்ந்து அந்தத் தகட்டைத் தன் கையாலேயே நேராக்கினார். அப்புறம் மீண்டும் அளக்கக் கிளம்பிவிட்டார். இப்படி நாட்டையே அளந்தவர் பெயரைத் தாங்கிய மலையில் நம் பள்ளம் பிறக்கிறது. மலைக்கு அளந்தவன் பெயர் வைத்தாயிற்று, மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீரின் வழியை ஒழுங்காக அளந்து கல் நட மட்டும் நமக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். நாம் ஆற்றையே அளக்காமல் போட்டுவிட்டோம்.

சரி, வழிக்கு வருகிறேன். பள்ளமும் அப்படித்தான், வளைந்து வளைந்து கடைசியில் வழிக்கு வந்துவிடும்.

மலையடிவாரத்தில் அது பள்ளம்கூட இல்லை. பாறைகளுக்கு நடுவே சில கீற்றுகள். யானை இறங்கும் தடமும் தண்ணீர் இறங்கும் தடமும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. அங்கிருந்து மேட்டுப்பாளையம் சாலையைக் கடந்து கிழக்கே வருகிறது. இடிகரை, அத்திப்பாளையம் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு நம் கோவில்பாளையத்தில் சத்தியமங்கலம் சாலைக்கு அடியில் நுழைகிறது. அப்புறம் வாகராயம்பாளையம் பக்கம். அதன் பிறகு அவிநாசி சாலையையும் ரயில் பாதையையும் தாண்டி, திருப்பூர் மாவட்டத்தில் வஞ்சிபாளையம் வட்டாரத்தில் நொய்யலில் சேர்கிறது. மொத்தம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஆகவே குருடிமலையில் விழுந்த ஒரு துளிக்கு எந்தத் தடையும் இல்லை என்றால் அது பூம்புகாருக்குப் போய்ச் சேர வேண்டும். எந்தத் தடையும் இல்லை என்றால். அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்று நெடுஞ்சாலைகள் அதைக் கடக்கின்றன. நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அந்தப் பாலங்களின் மேல் போகின்றன. எத்தனை பேருக்குத் தெரியும், நம் சக்கரத்துக்குக் கீழே ஓர் ஆறு இருக்கிறது என்று? பாலத்துக்கு வெள்ளையடித்து எண் எழுதியிருக்கிறார்கள். ஆற்றின் பெயரை எழுதவில்லை. பாலத்துக்கு எண் உண்டு, ஆற்றுக்குப் பெயர் இல்லை! பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்டால் ‘எங்கள் ஊர்ப் பள்ளம்’ என்பார். அதற்கடுத்த ஊரில் கேட்டாலும் ‘எங்கள் ஊர்ப் பள்ளம்’ என்பார்கள். எல்லா ஊர்க்காரர்களும் சொந்தம் கொண்டாடுகிற பள்ளத்துக்கு மொத்தமாகச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

தரையின் சாய்வையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருப்பூர் 300 மீட்டருக்குச் சற்றுக் கீழே. கொங்குச் சமவெளி என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் அது மேற்கே உயர்ந்து கிழக்கே சாய்ந்த நிலம். வடக்கே பவானி, தெற்கே நொய்யல், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தின் தென்சரிவில் விழும் மழையைக் கௌசிகை போன்ற சின்னச் சின்னப் பள்ளங்கள்தான் நொய்யலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கண்ணால் பார்த்தால் இந்தச் சாய்வு தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். மனை போட்டு விற்கிறவர்கள் ‘சமமான நிலம்’ என்று பலகை வைக்கிறார்களே, அந்தப் பலகையை ஐப்பசியில் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

இரண்டாவது செய்தி, மழையும் மண்ணும். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது. ஆடிக்காற்றில் நமக்குக் கிடைப்பது சாரலும் தூசியும். நம் பகுதிக்குக் கணிசமான மழையைக் கொடுப்பது ஐப்பசி, கார்த்திகைதான். ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கிடைப்பது 600, 700 மில்லிமீட்டர். அதுவும் ஒழுங்காகப் பெய்வதில்லை, சில நாள்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே நம் பள்ளம் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். அது அதன் குறை அல்ல, இயல்பு. வறண்டு கிடப்பதாலேயே அதைச் செத்துப்போன ஆறு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பனங்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போது அதைச் செத்தது என்று யாராவது சொல்வார்களா?

தண்ணீர் மேலே ஓடாதபோது கீழே இருக்கிறது. நம் நிலத்துக்கு அடியில் இருப்பது கடினப்பாறை. மேலே செம்மண், கிழக்கே போகப் போக அங்கங்கே கரிசல், அதற்குக் கீழே சுக்கான்கல், அதற்கும் கீழே நைந்து உதிர்ந்த பாறை, அப்புறம் உடையாத பாறை. டெல்டா மாவட்டங்களைப் போல ஆழமான மணல் படுகை நமக்குக் கிடையாது. நைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் தங்குகிற தண்ணீர்தான் நம் கிணற்றுத் தண்ணீர். அந்த வெடிப்புகளுக்குள் தண்ணீரை மெல்ல மெல்ல இறக்கும் வேலையைப் பள்ளத்து மணல் செய்கிறது. ஒரு நாள் வந்த வெள்ளத்தை மணல் பிடித்து வைத்து, மாதக்கணக்கில் இரு கரைக் கிணறுகளுக்கும் ஊட்டுகிறது. கவலை பூட்டி இறைத்த காலத்தை இங்கே உள்ள பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். மாடு பின்னால் போய் முன்னால் வரும் நேரத்துக்குள் கிணற்றில் ஊற்று மறுபடி ஏறிவிடும். இன்று ஆழ்துளைக் கிணறு 1000 அடியைத் தாண்டிப் போகிறது. பாறைக்குள் 1000 அடி இறங்கத் துணிகிற நாம், கண்முன்னால் இருக்கும் பள்ளத்தின் மணலை லாரியில் ஏற்றி விற்றோம். மணல் போன இடத்தில் களிமண்ணும் கட்டடக் கழிவும் கோழிக் கழிவும் வந்து உட்கார்ந்தன. வெள்ளம் வந்தாலும் இறங்க இடமில்லாமல் அப்படியே ஓடிவிடுகிறது. அப்புறம் ‘மழை பெய்தும் கிணறு ஊறவில்லை’ என்று கோயிலுக்குப் போய்த் தீர்த்தக்குடம் எடுக்கிறோம். சாமி என்ன செய்யும்?

மூன்றாவது செய்தி மரமும் பறவையும். இதைத் தனியாகவே ஒரு மாலை பேச வேண்டும். கரையில் வேம்பு, வெள்வேல், புங்கன், பனை, நொச்சி. அவற்றையெல்லாம் மூடிக்கொண்டு சீமைக்கருவேலம். தூக்கணாங்குருவி, மீன்கொத்தி, கௌதாரி, இப்போது எங்கே பார்த்தாலும் மயில். மயில் பெருகியதற்குக் காரணம் என்ன என்று விவசாயிகளிடம் கேட்டால் ஒரு பதில், பறவை ஆர்வலர்களிடம் கேட்டால் வேறு பதில். தலைமையாசிரியை அம்மையார் மாணவர்களைக் கொண்டு கரையோர மரங்களைக் கணக்கெடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சொல்லட்டும், அதற்கு நான் இடையூறாக இருக்க மாட்டேன். கணக்கெடுக்கும்போது எந்த மரம் பள்ளத்தின் எல்லைக்குள், எது பட்டா நிலத்தில் என்றும் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டுமானால் அளக்க வேண்டும். பாருங்கள், எங்கே தொட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு கதை. கதை அல்ல, நடந்தது. பெரியவர் ஒருவரைப் பற்றியது. ஊரும் பெயரும் வேண்டாம், அவருடைய பேரன் பேத்திகள் இந்தப் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

அவருடைய தோட்டத்துக்குக் கிழக்கு எல்லை பள்ளம். நல்ல உழைப்பாளி. ஆடி பிறந்தால் வேலி கட்டுவார். வேலி கட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய வேலி இருந்த இடத்தில் கட்ட மாட்டார். ஒரு முழம் கிழக்கே தள்ளிக் கிளுவைப் போத்து நடுவார். கிளுவை துளிர்த்துவிடும். மறு ஆடிக்கு இன்னொரு முழம். பழைய வரிசையை வெட்டி ஆட்டுக்குப் போடுவார். எதிர்க்கரைக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், ‘மாமா, வேலி வருஷத்துக்கு வருஷம் என் பக்கம் நடந்து வருகிறதே’ என்று கேட்டார். பெரியவர் துளியும் அசரவில்லை. ‘வேலி எங்கே நடக்கிறது மாப்பிள்ளை, பள்ளம்தான் உன் பக்கம் நகர்கிறது. நான் பாவம், அது போன இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறேன்’ என்றார்.

அப்படிக் காத்துக் காத்துப் பள்ளத்தின் பாதியை அவர் காத்துவிட்டார். அதில் சோளம் போட்டார். விளைந்தது. விளையாமல் என்ன, வண்டல் அல்லவா! அப்புறம் ஒரு தகரக் கொட்டகை போட்டார். உள்ளே மோட்டார், வெளியே மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, நிழலுக்கு ஒரு கயிற்றுக் கட்டில். மத்தியானம் அதில் படுத்துக்கொண்டு, ‘எங்கிருந்து வருகிறது இந்தக் காற்று, என்ன குளுமை’ என்பார். ஆற்றுக்குள் படுத்தால் குளுமைக்கு என்ன குறை? வருஷக்கணக்கில் மழையும் சரியில்லை. பள்ளத்தில் தண்ணீர் வந்து ஊரே மறந்துவிட்டது.

ஒரு ஐப்பசி. ஊரில் ஒரு சொட்டு இல்லை, வானத்தில் நட்சத்திரம் தெரிகிறது. மலையில் மட்டும் விடிய விடிய இடி. நடுராத்திரிக்கு மேல் மேற்கே ஒரு இரைச்சல். பழைய ஆட்கள் மட்டும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்கள். ‘பள்ளம் வந்துவிட்டது’ என்றார்கள். நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், விருந்தாளி வந்துவிட்டார் என்பதைப் போல. விருந்தாளி வந்தார், தனக்குரிய இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். கிளுவை வேலி போயிற்று. சோளம் போயிற்று. தொட்டி குப்புறக் கவிழ்ந்தது. மோட்டார் மணலுக்குள். கட்டிலைக் காணோம். கொட்டகையின் தகரக் கூரை அப்படியே முழுசாகக் கிளம்பி மிதந்துபோய், ஒரு மைல் கீழே வேறொருவர் காட்டில் ஒதுங்கியது. அந்த வேறொருவர் யார் என்கிறீர்கள்? பெரியவரோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி!

காலையில் பெரியவர் நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். வெள்ள நிவாரணம் வேண்டும் என்றார். அவர் மரியாதையாக உட்கார வைத்து, ‘எந்தப் புல எண் ஐயா?’ என்றார். இவர் தன் பட்டா எண்ணைச் சொன்னார். அலுவலர் வரைபடத்தை விரித்து, அடிக்கோலை வைத்துப் பார்த்தார். ‘உங்கள் நிலம் இதோ இந்தக் கோடு வரைக்கும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லையே. நீங்கள் சொல்லும் இடம் பள்ளம் ஐயா. பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்றா நான் தாசில்தாருக்கு எழுதுவது?’

பெரியவர் விழித்தார். அலுவலர் மேலும் சொன்னார்: ‘கொட்டகை பள்ளத்துக்குள் இருந்தது என்று கைப்பட எழுதிக் கொடுங்கள், அனுப்பி வைக்கிறேன். நிவாரணம் வருமா என்று தெரியாது. ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கட்டாயம் வரும்.’ பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். ‘அந்தக் கொட்டகை என்னுடையது இல்லை’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் சொல்லியே இருக்க மாட்டேன். சாயங்காலம் பங்காளி ஆள் அனுப்பினார். ‘எங்கள் காட்டில் ஒரு கூரை வந்து கிடக்கிறது. உங்களுடையது என்றால் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னார்.’ பக்கத்தில் கிராம உதவியாளர் நிற்கிறார். இவர் என்ன சொல்வார்? ‘யாருடையதோ’ என்றார். பங்காளி அந்தக் கூரையை நாலு கால் நட்டு ஏற்றி எருமைகளைக் கட்டினார். தகரத்தின் உள்பக்கம் சிவப்பு மையில் இவருடைய பெயர், ஊர், கதவு எண் எல்லாம் எழுதியிருந்தது. எருமைகள் அண்ணாந்து படித்துக்கொண்டு அசை போட்டன. அதற்குப் பிறகு அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் பெரியவர் மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

அவருடைய வீட்டு அம்மாள் சொன்னதுதான் உச்சம். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் ஆற்றிலேயே போட்டீர்கள், அதையும் அளக்காமல் போட்டீர்கள்.’

கைதட்டல் போதும், மிக்க நன்றி. சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பெரியவர் ஒருவர்தானா? 50 கிலோமீட்டரில் இரண்டு கரையிலும் எத்தனை பெரியவர்கள்? முழக்கணக்கில் நகர்ந்தவர் விவசாயி. ஏக்கர் கணக்கில் நகர்ந்தவர்கள் வேறு ஆட்கள். விவசாயியின் வேலியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பத்தடி உயரக் காங்கிரீட் சுவர் எழுப்பியவர் தண்ணீரை அடுத்தவர் வீட்டுக்குள் அனுப்பிவிடுவார்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் வேலை அளவை. இதற்குப் புதிதாகச் சட்டம் கேட்க வேண்டியதில்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறு, ஓடை, குளம் இவற்றின் படுகை அரசின் சொத்து என்கிறது. 1923-ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டம் கல் நடும் முறையைச் சொல்கிறது. ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்தது. ஏரிக்கு வந்தது, பள்ளத்துக்கு அந்த மாதிரிக் கவனம் வரவில்லை. ஏரி ஒரே இடத்தில் பரந்து கிடப்பதால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பள்ளம் நூல் மாதிரி நீண்டு கிடக்கிறது, ஊருக்கு ஊர் ஒரு துண்டு, அதனால் யார் கண்ணிலும் முழுசாகப் படுவதில்லை.

உங்கள் கிராமக் கணக்கில், புல எண் வாரியாக நில விவரம் எழுதிய ‘அ’ பதிவேடு இருக்கிறது. அதில் ‘ஓடை புறம்போக்கு’ என்று எழுதியிருக்கும் புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தை வாங்குங்கள். பள்ளம் எந்த இடத்தில் எத்தனை அகலம் என்று அதில் அளவு போட்டிருக்கும். பழைய படமாக இருந்தால் லிங்க் கணக்கு, 100 லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. அங்கேயே நிற்காதீர்கள். 1980-களில் நிலப் பதிவுகளைப் புதுப்பிக்க யு.டி.ஆர். நடந்ததே, அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய பதிவேட்டில் அகலமாக இருந்த பள்ளம் புதியதில் இளைத்திருந்தால், எங்கே இளைத்தது, யாருடைய பட்டாவுக்குள் போயிற்று என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இப்போது சிலர் கோபித்துக்கொள்ளும்படி ஒன்று சொல்கிறேன். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும், போன வாரம் அவர்தான் ஒரு பொக்லைன் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். நல்ல மனசு. ஆனால் அளக்கும் முன்னால் பொக்லைன் வேண்டாம் ஐயா. அளக்காமல் தூர்வாரினால் என்ன நடக்கும்? ஆக்கிரமித்தவன் விட்டுவைத்த அகலத்தையே ஆழமாக வெட்டுவோம். நாற்பது அடிப் பள்ளம் பத்தடிச் சாக்கடையாக நிரந்தரமாகிவிடும். தூர்வாரிய மண்ணைக் கரையில் கொட்டினால் அந்தக் கரையே ஆக்கிரமிப்புக்கு எல்லைச் சுவராகிவிடும். வாருகிற மண்ணோடு மிச்சமிருக்கும் மணலும் லாரி ஏறிப் போய்விடும். இப்படிச் செய்துவிட்டு பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பணையும் அப்படித்தான். எல்லை தெரியாமல் கட்டுகிற தடுப்பணையைத் தண்ணீர் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடுகிறது. தடுப்பணை மட்டும் நடுவில் தனியாக நிற்கிறது, திறப்பு விழாக் கல்வெட்டோடு.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வந்துவிட்டதே, இனி பள்ளம் எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மூன்று தலைமுறை கேட்டுப் போராடிய திட்டம் அது. 2019-ல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைத்தார்கள். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் தண்ணீரில் ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுவருகிறார்கள். பொறியாளர் ஐயா தலையசைக்கிறார், கணக்கு சரி என்று வைத்துக்கொள்கிறேன். கிழக்கே கீழே ஓடிப்போன தண்ணீரை மின்சாரச் செலவில் மேற்கே மேட்டுக்குத் திரும்ப ஏற்றுகிறோம். வரவேற்கிறேன், இரு கையும் கூப்பி வரவேற்கிறேன். அந்த 1,045-ல் 971 குட்டைகள்தான். குட்டை நிரம்பினால் வழிகிற தண்ணீர் எந்த வழியாக அடுத்த குட்டைக்குப் போகும்? குழாயிலா? பள்ளத்தில்தான் போக வேண்டும். பள்ளம் அடைபட்டிருந்தால், பல கோடி செலவில் ஏற்றிய தண்ணீர் யாருடைய வீட்டு வாசலிலோ தேங்கும். குருடிமலையிலிருந்து செலவில்லாமல் தானாக இறங்கி வரும் தண்ணீரின் வழியைக் கெடுத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பது எந்த ஊர்க் கணக்கு?

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ‘கலை நிகழ்ச்சிக்கு நேரமாகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள், தெரிகிறது. நான்காவது செய்தியாகக் கரையோரக் கோயில்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். அறங்காவலர்கள் முன்னால் இருக்கும்போது ஒரே ஒரு வரியாவது சொல்லாவிட்டால் தவறு. இங்கே காலகாலேஸ்வரர் கோயிலில் மூலவர் லிங்கம் கௌசிகை நதியின் மணலும் நுரையும் சேர்ந்து உருவானது என்கிறது தலபுராணம். எமன் வந்து வழிபட்ட தலம். எமனே கும்பிடப் பயன்படுத்திய மணல் அது, லாரிக்காரர்கள் யோசித்துக்கொள்ளட்டும். விரிவாக இன்னொரு நாள்.

இனி செய்தி அல்ல, வேலை. வரும் மார்ச் 22 உலக நீர் நாள், அன்று கிராம சபை கூடும். கௌசிகை ஓடும் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும்: எங்கள் ஊர் எல்லைக்குள் ஓடும் கௌசிகைப் பள்ளத்தை இரு கரையும் அளந்து, கல் நட்டு, அந்த வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும். அதுவரை தூர்வாரவோ தடுப்பணை கட்டவோ ஒப்பந்தம் விடக் கூடாது. தீர்மான நகலோடு அடுத்து வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம். நம் பக்கத்து ஊர்கள் கோயம்புத்தூருக்கு, கீழ்ப்பக்கத்து ஊர்கள் திருப்பூருக்கு. இரண்டு மாவட்டத்திலும் ஒரே நாளில் கொடுத்தால்தான் ‘அது அவர்கள் எல்லை’ என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

பந்தலின் வலப்புறம் மேஜை போட்டிருக்கிறோம். மனுப் படிவம் அங்கே இருக்கிறது. பள்ளத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் புல எண்ணையும் எழுதுங்கள். ‘முதலில் என் வேலியிலிருந்தே அளக்கலாம்’ என்று சம்மதம் சொல்ல இரண்டாம் பக்கத்தில் தனிக் கட்டம் விட்டிருக்கிறோம். என்னுடைய புல எண் அந்தக் கட்டத்தில் முதல் வரியில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம். பட்டா நகல் கொண்டுவராதவர்கள் எண்ணை மட்டும் சொன்னால் போதும், தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் படித்துச் சொல்லப் பசுமைப் படைப் பிள்ளைகள் இருவர் மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். வடை தீர்வதற்குள் போய்விடுங்கள், இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. நன்றி, வணக்கம்.